கமிட்டி மெம்பர் தேவி

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் காலை பஸ்ஸில், என் முன் சீட்டில் ஷூ கம்பெனியின் நீலக் கோட்டு போட்ட இரண்டு பெண்கள். மூத்தவள் கையில் ஒரு ஜெராக்ஸ் தாள்.

"இன்னிக்குள்ள நம்ம உரிமையெல்லாம் மனப்பாடம் பண்ணிடணுமாம்" என்றாள். அதற்குமேல் எனக்கு செய்தித்தாளில் கண் ஓடவில்லை.

"யாரு சொன்னதுக்கா?"

"ஆபீஸ்லதான். நம்ம ஷூ வாங்கற வெளிநாட்டு கம்பெனிலேர்ந்து நாளைக்கு ஆள் வர்றாங்களாம். நம்மள நல்லா வச்சிக்கிறாங்களான்னு கேப்பாங்களாம். பதிலெல்லாம் இதுலயே கீது."

"படிக்கா, கேப்போம்."

"தொழிலாளர் கமிட்டி கீதா? கீது. மெம்பர் யாரு? தேவி. எப்டி மெம்பர் ஆனாங்க? நாங்க எல்லாரும் ஓட்டுப் போட்டோம்." மூத்தவள் நிமிர்ந்தாள். "இது எந்த தேவி? நம்ம கம்பெனில மூணு தேவி கீறாங்க."

"நான்தான்க்கா. எனக்கே நேத்து சாயங்காலம்தான் சொன்னாங்க."

மூத்தவள் தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மெம்பர்னா இன்னா பண்ணணுமாம்?"

"நம்ம குறையச் சொல்லணுமாம். நாளைக்கு சொல்லப் போறேன். நாப்பது பேருக்கு ஒரே பாத்ரூம் கார்டு. ஒருத்தி போய்ட்டு வந்து குடுத்தாதான் அடுத்தவ எழுந்துக்க முடியும். அதச் சொல்லுவேன்."

"குறை எதுவும் இல்லன்னு தாள்ல கீதேடி."

"கீது."

மூத்தவள் தாளை நாலாக மடித்து சாப்பாட்டுப் பைக்குள் சொருகினாள்.

"ஓட்டுப் போட்டியான்னு கேட்டா, தேவிக்குப் போட்டேன்னு சொல்றேன். அது பொய் இல்ல. இப்பதான் போட்டேன்."