தினம் ஒரு டம்ளர் மணல்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், கிளெமென்ட் மாஸ்டர். பரவாயில்லை, குடித்துக்கொண்டே சொல்கிறேன்.

பளுதூக்கும் போட்டிக்குப் பேர் கொடுத்து என் மனைவி ஆனந்தி உங்கள் ஜிம்மில் சேர்ந்த அன்று நீங்கள் சொன்ன விதி எனக்கு மனப்பாடம். பத்துத் தடவை சிரமமில்லாமல் தூக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு நாள் அப்படித் தூக்கினால்தான் இரண்டரைக் கிலோ கூட்ட வேண்டும். மில் வேலைக்குப் போகிறவளால் தினமும் இங்கே வர முடியாது. அதனால் வீட்டில் இரண்டு பெயிண்ட் வாளிகளில் பத்துப் பத்துக் கிலோ மணல் நிரப்பி, மூடிபோட்டு வைத்தாள்.

பிறகு வேடசந்தூரில் மச்சான் வீட்டுப் பால்காய்ச்சு. போட்டோவுக்கு நின்றபோது விளையாட்டாக என்னை இடுப்போடு சேர்த்துத் தூக்கிவிட்டாள். நாற்பத்தெட்டுக் கிலோதான் நான். பந்தியே எழுந்து நின்று சிரித்தது.

"மாமா, எறங்குவீகளா, ஏணி கொண்டாரவா?" என்றாள் கொழுந்தியாள் கீர்த்தனா.

நானும் சிரித்தேன். எல்லோரையும்விட அதிகமாகவே சிரித்தேன்.

மறுநாளிலிருந்து அவள் குளிக்கப் போகும் நேரத்தில் வாளிக்கு ஒரு காபி டம்ளர் மணல். அவள் ஒன்பதில் நின்றால் ஒன்று; பத்தைத் தொட்ட நாளில் இரண்டு. அந்த இரண்டு மாதமும் எனக்கு அப்படியொரு குஷி. பஸ்ஸில் தனியாகச் சிரித்து, பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போயிருக்கிறார்.

"ரெண்டு மாசமா அதே பத்துக் கிலோங்க. எனக்கு இம்புட்டுத்தான் தெம்பு போல. போட்டியில பேரை எடுத்துரச் சொல்லிர்றேன்" என்று அழுதாள். நத்தத்து மாம்பழம் வாங்கிவந்து நறுக்கிக் கொடுத்தேன். இடுப்பு விண்விண்ணென்று தெறிக்கிறது என்றாள், தைலம் தேய்த்துவிட்டேன். எந்தப் புருஷன் இதெல்லாம் செய்வான், சொல்லுங்கள்.

நேற்று பேரை எடுக்க வந்தவளிடம், "போறதுதான் போற, இதை ஒருவாட்டி தொட்டுட்டுப் போம்மா" என்று நாற்பது கிலோக் கம்பியைக் காட்டினீர்கள். அவள் மூச்சை இழுத்துப் பிடித்துத் தூக்கினாள். காலிக் குடம்போல வந்தது. ஐம்பதும் வந்தது. அறுபதும் வந்தது. அவள் குதித்த குதியில் எனக்கே கண் கலங்கிவிட்டது; அத்தனையும் என் உழைப்பல்லவா.

நீங்கள்தான் சும்மா இருக்காமல் அந்த வாளிகளை வீட்டிலிருந்து வரவழைத்துக் காய்கறிக் கடைத் தராசில் ஏற்றினீர்கள். இருபத்திரண்டு, இருபத்திரண்டு. ஆமாம், கூட்டியது நான்தான். அவளை முடக்கிப் போடத்தான் செய்தேன் என்று ஆனந்தி சொல்கிறாள். எல்லாம் அவள் நல்லதுக்குத்தான். நாலு பேர் சிரித்ததை மனதில் வைத்துக்கொண்டு திரிகிறவனா நான்?

அவள் இந்தப் பக்கம்தான் வருகிறாள். டம்ளரைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள் மாஸ்டர்; நான் இந்தக் கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன்.