நாலு விரல் குறைஞ்ச நுளம்புக் கதவு

...இல்ல, சுல்பா ராத்தா, நீங்களே சொல்லுங்க. கதவ வித்தவனுக்கு அத எப்பிடி அரியிறதுண்டு விளக்கமாச் சொல்ல வாய் இல்லையா? முந்தல் டவுன் கடக்காரன் என்ன சொன்னான் தெரியுமா? "வைனில் கதவு உம்மா, பிளாஸ்டிக்தானே, மரம் மாதிரி இல்ல, லேசா அரியலாம்." அவ்வளவுதான். லேசா அரியலாமாம். லேசா அரிஞ்சதுதானே இப்ப வெனயாப் போச்சி.

அங்கால வெயில்ல நிக்காதீங்க. இந்தக் கதிரைல இரிங்க. நான் இப்பிடிக் கதவோட சாஞ்சி நிக்கிறன், இதுதான் எனக்கு வசதி. ஆட்டோவ என்னத்துக்கு நிப்பாட்டி வெச்சிரிக்கிறீங்க? போகச் சொல்லுங்களேன். சரி, நிக்கட்டும்.

ஓம், பேசினது பேசினதுதான், நான் மறுக்கல்ல. இந்த வாசலுக்கு நுளம்புக் கதவு மாட்டிப் பூட்டினா எங்கட மக ஸபீனாவும் புள்ளயும் ஆஸ்பத்திரில இருந்து நேரா இஞ்ச. நாப்பது நாளும் இஞ்சதான். பூட்டல்லண்டா ஒங்கட ஊட்டுக்கு. எங்கட மருமகன், ஒங்கட மகன் நஸீரு ஃபோன்ல சொன்ன நேரம் நானும் ஓமெண்டுதான் சொன்ன. நுளம்பு கடிச்சி டெங்கு வாற காலம், பச்சப் புள்ள, ஞாயமான கதைதான். அதான் பூட்டி இரிக்கே. வல எவ்வளவு இறுக்கம் பாருங்க. மேல பாருங்க, ராத்தா, மேல. கீழ என்னத்துக்குக் குனியிறீங்க?

புள்ளட மூக்கு ஒங்கட மூக்குத்தானாமே. நேர்சுமாரே சொன்னாங்களாம்.

என்ன சொல்லிட்டிருந்த... ஆ, வாசல். முந்தி இந்த வாசலுக்கு ஒரு குறையும் இல்ல. போன வருஷம் தரைக்கு டைல்ஸ் போட்ட பிறகு ரெண்டு விரல் கட்டயாப் போச்சி. ரெண்டே ரெண்டு விரல். கதவுட கீழ்ச் சட்டத்துல அத அரிஞ்சா வேல முடிஞ்சி. எங்கட மனிசன்ட வேல ஒங்களுக்குத் தெரியும்தானே. "டேப்ப நிஸார் கொண்டு போயிட்டான், வாங்கி வந்து அளப்பம்" எண்டாரு. நிஸார் பக்கத்து ஊட்டுல இரிக்கான். நாலு நாளாயும் டேப்பு வரல்ல.

அரிஞ்ச அண்டைக்குப் பாக்கணுமே நீங்க. தேங்காப்பூ மாதிரி வெள்ளத் தூளு பறக்குது. கோழியெல்லாம் ஓடி வந்து கொத்திப் பாத்திட்டுத் துப்புதுகள். அரிஞ்ச வாய்க்குள்ள எட்டிப் பாத்தா ஒண்டுமில்ல, வெறும் பொந்து. இதுக்கா இவ்வளவு வெல...

பூனையா? எந்தப் பூன? கதவு தெறந்து கெடந்த நேரம் போயிரிக்கும். என்ட காலடியாலயா? இப்பவா?

சரி. சொல்லிடுறன். கீழ நாலு விரல் இடவெளி இரிக்கி. ரெண்டு விரல் அரிய வேண்டிய எடத்துல ஆறு விரல் அரிஞ்சிட்டாரு. அவருதான் அரிஞ்சாரு, அவருட கைலதான் மரம் அரியிற வாள் இருந்திச்சி. கோடு கீறினதா? கோடு... கோடு நான்தான்.

டேப்பு இல்லாட்டி என்ன, ஊட்டுல தங்கூசி இல்லையா? தூண்டில் போடுற நைலோன் நூல். மேல நிலைல ஆணி அடிச்சி அதுல கட்டி, தர வரைக்கும் இழுத்து, தரையத் தொட்ட எடத்துல முடிச்சிப் போட்டன். முப்பது வருஷமா வல பின்னுற கை, சும்மா இழுக்குமா? கடல்ல கரவல இழுக்கிற மாதிரி இழுத்த. பொறகு அவுத்துக் கதவுக்கு மேல வெச்சா, அந்தத் தங்கூசி ஒண்டும் தெரியாத மாதிரிச் சுருங்கிப் போய்க் கெடக்கு. நான் என்னத்தக் கண்ட, முடிச்சி நிண்ட எடத்துல கோட்டக் கீறிட்டன்.

அவரு கேட்டாருதான். "தங்கூசி இழுபடுமே, ஜெய்னம்பு" எண்டு. "எனக்கு நூலப் பத்திப் படிப்பிக்க வாறீங்களா"ண்டு நானும் கேட்டன். கல்யாணம் முடிச்ச நாள்ல இருந்து என்ட சொல்லக் கேக்காத மனிசன், அண்டைக்கு மட்டும் வாயப் பொத்திட்டு கோட்டுல அரிஞ்சாரு. இதுல யாருட குத்தம், நீங்களே சொல்லுங்க.

நாப்பது நாளும் அடில துணி அடச்சி வெக்கிறன், ராத்தா. நானே அதுல முதுக வெச்சிப் படுக்கிறன். புள்ளய மட்டும் ஒங்கட ஊட்டுக்குக் கொண்டு போயிடாதீங்க...

எழும்பிட்டீங்களா? ராத்தா, எங்க போறீங்க? கோவிச்சிட்டு ஆட்டோல ஏறாதீங்க, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு...

இதென்ன, ஆட்டோல இருந்து பேக்கு? புள்ளட உடுப்பா? ஒங்கட உடுப்பா? தலவாணியும் கொண்டு வந்தீங்களா... ஓ. கதவப் பாக்க முந்தியே கட்டிட்டுத்தான் வந்தீங்களா. புள்ளைக்குக் காவலுக்கு. நாப்பது நாளுமா. ஓம், ஓம், சந்தோசம்தானே. எனக்கென்ன, சந்தோசம்தான். உள்ளுக்கு வாங்க, பூன வந்த வழியாலயே வரலாம்.

இஞ்சாருங்க, அந்த வலையக் கீழ போட்டுட்டு ஓடி வாங்க. அண்டைக்கி அரிஞ்சமே, அந்தத் துண்ட எங்க வீசின? கெதியாத் தேடுங்க. ஒட்டிப் பாப்பம். இல்ல, நாளைக்கி இல்ல. ராத்தா அடுத்த பேக்க எறக்க முந்தி.