பச்சைக் கரையா, மெரூன் கரையா

திட்டப் பணிகளில் யாரிடம் எதை எப்போது சொல்ல வேண்டும் என்று எங்கள் அலுவலகத்தில் வகுப்பெடுக்க ஒப்புக்கொண்டேன். வகுப்பு எந்த அறையில் என்பதைத்தான் யாரிடமும் சொல்லவில்லை. வந்தவர் ஒரே ஒருவர், அவரும் காபி கொடுக்க வந்தவர்.

அன்று மாலை சின்ன காஞ்சிபுரம் போகும் பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருத்தி பட்டுக்கடையில் ஆர்டர் எடுப்பவள், மற்றவள் அந்தக் கடைக்கு நெய்து கொடுப்பவள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“முகூர்த்தப் புடவைக்குப் பொண்ணு பச்சைக் கரை கேக்குது, மாமியார் மெரூன் கேக்கறாங்க. ரெண்டு பேருக்கும் தனித்தனியா சரின்னு சொல்லிட்டேன்டி.”

“இன்னாடி சொல்ற? நாளைக்குத் தறியில பாவு நூல் ஏத்தணும்.”

“தெரிஞ்சா ஓனர் வேலைய விட்டே தூக்கிடுவாரு.”

நெய்பவள் தன் முந்தானையை மடியில் விரித்து, இரண்டு பக்கக் கரைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“மேல் கரை ஒரு கலரு, கீழ் கரை ஒரு கலரு. கங்கா ஜமுனான்னு எத்தினி பேரு கட்டிக்கினு இருக்காங்க. ரெண்டு பேரையும் கான்ஃபரன்ஸ்ல போட்டுச் சொல்லு, மறுபடி தனித்தனியா சொல்லாத.”

“கீழ எதுன்னு கேட்டா?”

“கட்டிக்கப் போறவ கேட்டதுதான் கீழ. மாமியாருக்கு மேல் கரை, அதான் மரியாதையான இடம்னு சொல்லு.”

ஆர்டர் எடுப்பவள் அங்கேயே போன் போட்டாள். “ஒத்துக்கினாங்கடி” என்றதும் மற்றவள் அவள் தலையில் ஒரு குட்டு வைத்து, கலைந்த பூவையும் சரிசெய்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து, நிர்வாகப் புத்தகங்களில் இல்லாத பாடம் என்று மனைவியிடம் விரிவாகச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, “பொண்ணோட அம்மாவை யாரும் கேக்கலையா?” என்றாள்.