கதவில்லாத வேலி

"அந்தக் கதவக் கழட்டினா நான் இனிமே இந்த—"

"ஒரு காலைப்பொழுதுக்குத்தான சொல்றேன், திரும்ப மாட்டி—"

"—வீட்டுப் படி மிதிக்க மாட்டேன்மா. அப்பா வெளிய போயிட்டா?"

"நான் வீட்லதான இருக்கப்போறேன்."

"நீ இருப்ப. உன் கண்ணு அந்த வரைபடத்து மேல இருக்கும். அதை வரைஞ்சவரு செத்து எவ்வளவு காலமாச்சு? அவரத்தான் நீ கட்டியிருக்கணும். எங்கப்பா பாவம், நடுவுல வந்து மாட்டிக்கிட்டாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் மகளுக்கும்தான். "சரி, கழட்டல" என்று சொல்லி அவளைப் பேருந்து ஏற்றிவிட்டு வந்தேன்.

நீங்கள் எழுதி வைத்திருப்பதை வாசித்தேன், இன்ஸ்பெக்டர் ஐயா. 'ஞாபக மறதி உள்ள முதியவர், கால் தவறிக் குளத்தில் விழுந்து இறந்தார்' என்று என் கணவரைப் பற்றி இருக்கிறது. கையெழுத்து அழகாக இருக்கிறது. விஷயம்தான் அப்படியில்லை.

எங்கள் குடியிருப்பை நீங்களே பார்த்தீர்கள். வீடு, மரம், பாதை, நடுவில் குளம் என்று எல்லாவற்றையும் ஒரே மனிதர் ஒரே தாளில் வரைந்து கட்டியது. வீட்டுக்கு வீடு உயிர்வேலி உண்டு. வேலியில் ஒரு ஆள் நுழையும் இடைவெளி உண்டு. கதவு மட்டும் கிடையாது. யாரும் யார் தோட்டத்து வழியாகவும் குளத்துக்கு நடந்து போகலாம் என்பது அவர் எண்ணம். திறந்த வீட்டில் நாய் நுழைவது மற்றவர்களுக்குப் பழமொழி, எங்களுக்கு அன்றாடம்.

இதையெல்லாம் இடித்து அடுக்குமாடி கட்ட ஒரு நிறுவனம் காத்திருந்தது. பாரம்பரியக் குடியிருப்பு என்று அரசு அறிவித்துவிட்டால் ஒரு செங்கல்லைக்கூடத் தொட முடியாது. அதற்காக அமைந்த சங்கத்துக்கு நான் தலைவி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இதே மாதிரி ஒரு குடியிருப்பு இருந்தது. பார்வையிட வந்தவர்கள் 'முதியோர் வாழ ஏற்றதல்ல' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனார்கள். இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள்.

அந்தச் சமயத்தில்தான் என் மகள் எங்கள் வேலி இடைவெளியில் ஓர் இரும்புக் கதவை மாட்டினாள். என் கணவருக்கு ஞாபகம் கலைந்துகொண்டிருந்தது. இளமையில் விடிந்ததும் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு குளத்துக்குக் குளிக்கப் போவார். மற்றதெல்லாம் போன பிறகும் அந்த ஒன்று போகவில்லை. ஒருநாள் இடுப்பளவு தண்ணீரிலிருந்து பால்காரர் கைப்பிடித்து அழைத்து வந்தார். "ஐயா மீனுங்களுக்கு வணக்கம் சொல்லிட்டிருந்தாரும்மா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்று பால் ஊற்றாமலே போய்விட்டார்.

அரசிலிருந்து பார்வையிட வந்த நாள் காலையில், வரைபடத்தில் இல்லாத அந்தக் கதவைக் கழற்றியது நான். கீலுக்கு எண்ணெய் விட்டுக் கழற்றினேன், திருகாணிகளைக் கிண்ணத்தில் பத்திரமாகப் போட்டு வைத்தேன். திரும்ப மாட்டும் எண்ணம் இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன். அவரை உள்ளறையில் உட்கார வைத்து வானொலியைப் போட்டேன். அறையைப் பூட்டியிருக்கலாம். கட்டிய புருஷனைப் பூட்டி வைக்க மனம் வரவில்லை.

மூன்று பேர் வந்தார்கள். வேலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இவர் தோளில் துண்டோடு வெளியே வந்தார். வந்தவர்களில் இளையவள், கட்டடக்கலை படித்த பெண், என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, பழைய படம் ஒண்ணு இருக்கே, பாத்திருக்கீங்களா? வேலி கட்டின புதுசுல எடுத்தது. இதே மாதிரி ஒருத்தர் துண்டோட போவாரு. இன்னும் அப்படியே இருக்கேம்மா இங்க." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "யாரு அவரு?"

"இந்தத் தெருக்காரர்தான்" என்றேன்.

அதைப் பொய் என்று சொல்ல முடியாது.

அவர் எங்களருகே வந்து நின்று என்னைப் பார்த்தார். பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்பதுபோல மரியாதையாகக் கேட்டார்.

"தண்ணி ரொம்பச் சில்லுனு இருக்குங்களா?"

கையைப் பிடித்து நிறுத்தினால் அடம்பிடிப்பார், அழுவார். ஏன் என்று கேட்பார்கள். அந்த ஒரு வரியை எங்களுக்கும் எழுதிவிடுவார்கள். எத்தனை குடும்பம், எத்தனை மரம். நீங்களே யோசித்துப் பாருங்கள், ஐயா.

"இந்நேரத்துக்கு நல்லா இருக்கும். போயிட்டு வாங்க" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு வேலியைக் கடந்தார். அந்தப் பெண் படம் எடுத்தாள்.

பிறகு கூரை ஓடுகளைப் பற்றிக் கேட்டார்கள். எந்த மண், எந்தச் சூளை என்று சொன்னேன். தேநீர் கொடுத்தேன். நடுவில் குளத்துப் பக்கம் வாத்துகள் மொத்தமாகக் கத்திக்கொண்டு எழும்பின.

"வாத்துகூட இருக்கா?" என்றார் ஒருவர்.

"ஆரம்பத்துலேர்ந்தே இருக்கு" என்றேன். அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. எதற்காகக் கத்துகின்றன என்று எனக்குத் தெரியும்.

அவர்கள் கார் தெருமுனை திரும்பிய பிறகுதான் போனேன். குளத்துப் படியில் துண்டு மடித்து வைத்திருந்தது. கால் தவறுகிறவர்கள் துண்டை மடித்து வைத்துவிட்டுத் தவறுவதில்லை. நான் அனுப்பினேன், அவர் போனார். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அறிவிப்பு வந்துவிட்டது. இனி யாரும் இடிக்க முடியாது. அறிக்கையின் அட்டையில் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறார். பார்க்கிறவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ராத்திரியில் நான் அவர் பக்கத்துத் தலையணையையும் தட்டிப் போட்டுவிட்டுத்தான் படுக்கிறேன்.

என் மகள் இவ்வளவையும் கேட்டுக்கொண்டு உங்கள் மேசைக்குப் பின்னால் சுவரோரமாக நிற்கிறாள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.

"அடுத்த கூட்டத்துல குளத்தச் சுத்திக் கம்பிவேலி போடணும்னு பேசப்போறாங்களாம். நீ வந்து ஒரு வார்த்தை சொல்லிடும்மா, அப்பாவுக்கு அது பிடிக்காதுன்னு."