பன்னிரண்டாம் ஏற்றத்தில் தசரதன் சார்

ஒரகடம் வட்டாரத்து உழைக்கும் பெருமக்களுக்கு இதனால் அறிவிப்பது யாதெனில்: சமதரையில் ஓடுவது உழைப்பே அல்ல, டிரெட்மில்லில் ஏற்றம் வைத்து நடப்பதே உழைப்பு. இதைக் கண்டுபிடித்தவர் எங்கள் பிளான்ட் ஹெட் தசரதன் சார். அவர் கண்டுபிடிக்க உதவியவன் நான். நீங்கள் விசாரிக்க வந்திருப்பதால் சொல்கிறேன்.

நான் மெயின்டனன்ஸ் சீனிவாசன், படப்பை ஆள். பிறர் கஷ்டப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாத சுபாவம்.

சாரின் கேபினை ஒட்டிய அறைக்கு டிரெட்மில் வந்த அன்று, ஏற்றத்தைப் பன்னிரண்டில் வைத்து ஏறினார். சற்று நேரத்தில் கைப்பிடியில் தொங்கினார். என்னைக் கூப்பிட்டு, “மெஷின்ல ஏதோ ஃபால்ட்டு, சரி பண்ணுங்க” என்றார்.

மெஷினில் ஒன்றுமில்லை. ஆனால் பெரியவர் ஃபால்ட் என்றால் அது ஃபால்ட்தான். ஏற்றம் வைத்தால் முன்பக்கம் உயரும். பின்பக்கத்துக்கும் அதே உயரத்துக்குக் கட்டை கொடுத்து, சுற்றிலும் கார்பெட் ஒட்டினேன். திரையில் பன்னிரண்டு, காலடியில் சமதரை. மறுநாள் சார் விசிலடித்துக்கொண்டே நடந்தார். சீக்கிரமே எனக்குப் புரமோஷன் வந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

பிறகு சார் பேச ஆரம்பித்தார். ஷிஃப்ட் மீட்டிங், பாதுகாப்பு வாரம், எங்கே மைக் கிடைத்தாலும் ஏற்றம்தான். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். அவர் தினமும் மலை ஏறுகிறார். வல்லம் வடகால் ஹாஸ்டலிலிருந்து பிளான்டுக்கு வழி முழுக்கச் சமதரை. அப்புறம் கம்பெனி பஸ் எதற்கு? நிறுத்திவிட்டார்.

ஹாஸ்டலில் இருப்பவர்கள் தெற்கத்திப் பெண்கள். சித்திரை வெயிலில் நடந்து வந்து ஷிஃப்ட் முழுக்க லைனில் நிற்க வேண்டும். அவர்களில் முத்துச்செல்வி என்னிடம் சிரித்தபடிதான் சொன்னாள்: “அண்ணாச்சி, அந்த மிசினத் தூக்கி எங்க ரோட்டுல போடச் சொல்லுங்க. ஏறியே வந்துருதோம்.”

அடுத்த வாரம் லைனிலேயே மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்தவன் நான். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சார் ஒருநாள் தங்களோடு நடந்து வரட்டும் என்று பெண்கள் கேட்டார்கள். சார் புது ஷூவோடு வந்தார். நடப்பது கௌரவக் குறைச்சல் என்று முன்னால் ஓடவும் செய்தார். இரண்டாவது வளைவில் லைட் கம்பத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். குடை பிடித்தவள் முத்துச்செல்வி. ஷேர் ஆட்டோவை நிறுத்தியவளும் அவளே. கட்டை விஷயத்தை நான் அப்போதே சொல்லியிருக்கலாம். சார் மனசு என்ன பாடுபடும்?

அதற்குள் சாரே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். “சீனிவாசன், இந்த ரோட்ல கண்ணுக்குத் தெரியாத ஏத்தம் இருக்கு. லெவல் பாருங்க.”

பார்த்தேன். ஏற்றம் இருக்கிறது என்றே சொன்னேன். சார் பூரித்துப்போனார். ஏற்றம் என்றால் பெண்களுக்கு இன்னும் நல்ல உடற்பயிற்சி என்று அடுத்த மீட்டிங்கில் வாழ்த்தினார்.

பஸ் இன்னும் விடவில்லை. நான் பைக்கில் வருகிறேன்.