பதினாலு லைட்டு, நாலு நாளு

லைட்காரர்: இப்போ எது எரியுது, டீச்சர்?

டீச்சர்: ம்ம்... திரைக்குப் பக்கத்துல. இடது ஓரம்.

லைட்காரர்: இடதா? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க.

டீச்சர்: பார்த்துத்தானே சொல்றேன்! கழுத்து ஒடியற மாதிரி அண்ணாந்து நிக்கறேன்...

லைட்காரர்: சரி, சரி. மூணாம் நம்பர், திரை இடது. போன்ல பேரு வெச்சாச்சு. அடுத்தது?

டீச்சர்: அடுத்தது... அப்பா தலைக்கு மேல.

அப்பா: ஆமாம்மா. என் வழுக்கை பளபளன்னு மின்னுது. ஏன் தம்பி, வீட்டுல படம் பார்க்கறதுக்குன்னு கட்டின இந்த ரூமுக்கு நான் கேட்டது என்ன? போன்ல 'படம்'னு ஒரு பட்டனை அமுக்கினா, பின்னாலேருந்து ஒவ்வொரு லைட்டா அணைஞ்சுகிட்டே முன்னால வரணும். நிஜத் தியேட்டர் மாதிரி. அவ்வளவுதானே கேட்டேன்?

லைட்காரர்: அவ்வளவுதான் சார்.

அப்பா: நேத்து அமுக்கினா என்ன ஆச்சு? ரூமே கும்மிருட்டு, என் மண்டை மட்டும் வெளிச்சம்! கதாநாயகன் திரையில இருக்கானா, சேர்ல இருக்கானா?

டீச்சர்: அப்பா, அவரு சிரிக்கறாரு!

அப்பா: நீயும்தான் சிரிக்கறே. பதினாலு லைட்டு, நாலு நாளு! ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக் குடுக்கறே, உனக்குப் பதினாலு வரைக்கும் எண்ண வரலையா?

டீச்சர்: எல்லாம் ஒரே மாதிரி வட்டமா சீலிங்குக்குள்ள பதுங்கிக்கிட்டு இருக்குப்பா. நான் என்ன பண்ணட்டும்?

அப்பா: என்னமோ போங்க. நான் போய் டீ போடறேன். வர்றதுக்குள்ள முடிச்சாகணும். இன்னிக்கும் தப்பாச்சு, வேற ஆளைத்தான் கூப்பிடுவேன், சொல்லிட்டேன்.

லைட்காரர்: ...போயிட்டாரா?

டீச்சர்: போயிட்டாரு. ஏன், பயமா?

லைட்காரர்: பயமில்லே. நாளைக்கு நான் வர மாட்டேன், டீச்சர்.

டீச்சர்: அப்பா சும்மா மிரட்டறாரு. அதுக்குப் போய்...

லைட்காரர்: அதுக்கில்லே. முதலாளி காலையிலேயே காய்ச்சி எடுத்துட்டாரு. இதை இன்னிக்கு முடிச்சிட்டு, நாளைக்கு வெளியூர் கிளம்பணும். பெரிய ஹோட்டல். நானூறு லைட்டு. ஆறு மாசம்.

டீச்சர்: ஆறு மாசமா!

லைட்காரர்: ம்.

டீச்சர்: ஓ... அங்க யாரு கீழ நின்னு சொல்லுவாங்க?

லைட்காரர்: என்ன?

டீச்சர்: எது எரியுதுன்னு...

லைட்காரர்: அது... இருக்கட்டும். நீங்க உட்காருங்க. முதல்லேருந்து நானே போட்டுடறேன்.

டீச்சர்: ஏன், நான் சொன்னா ஆகாதா?

லைட்காரர்: கழுத்து ஒடியுதுன்னீங்களே.

டீச்சர்: என் கழுத்து, ஒடிஞ்சா ஒடியட்டும்! அமுக்குங்க, நான் சொல்றேன்.

லைட்காரர்: வேணாம், டீச்சர். ஒண்ணு, வாசல். ரெண்டு, வாசலுக்கு அடுத்தது. மூணு, திரை வலது...

டீச்சர்: இப்போதானே இடதுன்னு போட்டீங்க?

லைட்காரர்: நீங்க இடதுன்னீங்க, போட்டேன். நாலு, படி. அஞ்சு...

டீச்சர்: இருங்க, இருங்க. நீங்க மேல பார்க்கவே இல்லியே! லைட்டை எரியவிட்டும் பார்க்கலே. கடகடன்னு ஒப்பிக்கறீங்க!

லைட்காரர்: ...மாட்டும்போதே எது எங்கன்னு நம்பர் போட்டு எழுதி வெச்சுக்கிட்டேன். சீட்டு சட்டைப் பையில இருக்கு. இப்போ மனப்பாடமே ஆயிடுச்சு.

டீச்சர்: எப்போலேருந்து?

லைட்காரர்: திங்கக்கிழமையிலேருந்து.

டீச்சர்: அடப்பாவி! அப்போ என்னை எதுக்கு அண்ணாந்து நிக்க வெச்சீங்க?

லைட்காரர்: வெளிச்சம் சரியா விழுதான்னு பார்க்க...

டீச்சர்: எதுல விழுதான்னு?

லைட்காரர்: ...முகத்துல.

டீச்சர்: ரொம்பத்தான்!

லைட்காரர்: நீங்க மட்டும் என்னவாம்? வலது எரிஞ்சா இடதுன்னீங்க, படி எரிஞ்சா வாசல்னீங்க. திங்கக்கிழமை ரெண்டு தப்பு. நேத்து, புதன்கிழமை, நாலு!

டீச்சர்: தெரிஞ்சேவா அப்படியே போட்டீங்க?

லைட்காரர்: டீச்சர் சொன்னா மறுபேச்சு உண்டா?

டீச்சர்: முதல் நாளே சரியாச் சொல்லியிருந்தா மறுநாள் வந்திருப்பீங்களா?

லைட்காரர்: எப்படி வர்றது? வேலை முடிஞ்சிருக்குமே.

டீச்சர்: அதான்.

லைட்காரர்: அதான்னா?

டீச்சர்: அதான்னா அதான்! இதுக்கு மேல என் வாயால வராது. நீங்க சொல்லுங்க. சீக்கிரம், அப்பா வந்துடுவாரு.

லைட்காரர்: இந்த ஆறு மாசமும்... போன்ல பேசலாமா? லைட்டைப் பத்தி இல்லே.

டீச்சர்: பின்னே எதைப் பத்தி?

லைட்காரர்: திரும்பி வந்து உங்க அப்பாகிட்ட எப்படிக் கேக்கறதுங்கறதைப் பத்தி.

டீச்சர்: அதைப் பேச ஆறு மாசம் எதுக்கு? ஒரு டீ குடிக்கற நேரம் போதுமே...

லைட்காரர்: டீச்சர்!

டீச்சர்: கத்தாதீங்க! ஆனா ஒண்ணு சொல்லணும், உங்களுக்கு நெஞ்சழுத்தம் ஜாஸ்தி. செவ்வாய்க்கிழமை என்ன வேலை பண்ணினீங்க!

லைட்காரர்: நானா? என்ன பண்ணினேன்?

டீச்சர்: முதல் நாள் பொய் சொன்னது எனக்கே உறுத்துச்சு. அதனால செவ்வாய்க்கிழமை பதினாலையும் ஒழுங்காச் சொன்னேன். நீங்களும் வேலை முடிஞ்சுதுன்னு பையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டீங்க. மறுநாள் காலையில பார்த்தா மறுபடியும் கோளாறு! எல்லாம் உங்க கைவரிசைதான்னு மனசுக்குள்ள ஒரே குதியாட்டம்.

லைட்காரர்: சத்தியமா நான் இல்லே! அன்னிக்குப் பதினாலையும் சரியாத்தான் போட்டேன். எனக்குச் சோறே இறங்கலே. காலையில உங்க அப்பா போன்ல திட்டினப்போ, டீச்சர்தான் மாத்திட்டாங்கன்னு நானும் துள்ளிக்கிட்டு ஓடி வந்தேன்.

டீச்சர்: நான் எப்படி மாத்தறது? என் போன்ல இந்த லைட்டெல்லாம் வராதே.

லைட்காரர்: ஆமால்ல... ரெண்டே ரெண்டு போன்லதான் வரும். ஒண்ணு என்னோடது. இன்னொண்ணு...

டீச்சர்: அப்பா!!

அப்பா: வீடு அதிரக் கத்தாதேம்மா, டீ கொட்டிடும். ஆமா, நான்தான். செவ்வாய்க்கிழமை எல்லா லைட்டும் ஒழுங்கா அணைஞ்சுது, தம்பி போயிட்டாரு, நீ தட்டைத் தள்ளி வெச்சுட்டு சீலிங்கையே வெறிச்சுப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தே. எனக்கு வேற என்ன செய்யத் தெரியும்? கண்ணாடியை மாட்டிக்கிட்டு, தட்டுத் தடுமாறி மூணு லைட்டோட வரிசையை மாத்திப் போட்டுட்டு, காலையில தம்பிக்குப் போன் பண்ணி, நெஜமாவே கோபம் வந்த மாதிரி நாலு சத்தமும் போட்டேன்.