அண்டாவைக் கழற்றுங்கள், ஆழ்கடல் வீரர்களே!

அவைக்குத் தலைமை ஏற்று வீற்றிருக்கும் படகுச் சங்கத் தலைவர் அவர்களே, சட்டத்தைச் சுமந்து வந்தாலும் சிரித்த முகத்தோடு வந்திருக்கும் மீன்வளத்துறை அதிகாரி அவர்களே, அலையோடு மல்லுக்கட்டி எங்களை ஆளாக்கிய பெரியவர்களே, கரையில் நின்றே கடலின் குணம் அறிந்த என் தாய்மார்களே! மீன் ஏலம் கூவிக் கூவித் தேய்ந்த இந்தத் தொண்டையால் உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆழ்கடலுக்குப் போகும் படகுகள், இருக்கும் இடத்தைக் காட்டும் கருவியை மறைக்கக் கூடாதாம்; மறைத்தால் உரிமம் ரத்தாம். ஏன் மறைக்கிறோம்? கள்ளத்தனமா? கடத்தலா? இல்லை ஐயா, இல்லை! அந்தக் கருவி மற்ற படகுகளின் திரையிலும் நம்மைக் காட்டும்; மீன் கிடக்கும் இடம் மச்சானுக்குத் தெரிந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்! சிரிக்காதீர்கள், சிரிப்பவர் வீட்டிலும் ஒரு பாத்திரம் காணாமல் போயிருக்கும்.

போன பருவத்தில் என் வீட்டுக்காரர் என் சமையல் அண்டாவைக் கொண்டுபோய்க் கருவியின் மேல் கவிழ்த்தார். நம் நாட்டுக் கடல் எல்லையைத் தாண்டி ஆழ்கடலுக்குள் போனதும் தண்ணீர் புகுந்து இயந்திரம் படுத்தது, வயர்லெஸ் வாயை மூடியது, கருவியும் செத்தது. பிறகு அண்டாவை எடுத்து என்ன பயன்? படகு மறைந்தது அலுவலகத் திரைக்கும் தெரிந்தது. தேட ஆள் போனதா? என் வீட்டுக்கு அபராதச் சீட்டு வந்தது! நாய் படாத பாடு பட்டேன், தாய்மார்களே.

கண்டுபிடித்தவர் யார்? என் அண்ணன்! தன் படகுத் திரையில் எங்கள் படகின் புள்ளி மறைந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை அண்டாவைக் கவுத்துட்டான்டா! மீன் கொட்டிக் கிடக்குது, விடுடா அங்க!" என்று ஆசையோடு பாய்ந்தார். போய்ப் பார்த்தால், தத்தளிக்கும் படகு.

"மீன் எங்கடா?"

"மீனை விடு மச்சான், குடிக்கத் தண்ணி இருக்கா?"

என்ன தம்பி, அண்டா கெடச்சுதான்னு கேக்குறியா? இதோ, கையோடு கொண்டு வந்திருக்கிறேன்!

அதிகாரி அவர்களே, யாருக்கும் சொந்தமில்லாத கடலை யாரும் சூறையாடலாமா? பெருங்கப்பல்கள் குஞ்சுமீனையும் விடாமல் வாரிச் சுருட்டுவதைக் கண்டவர்கள் நாங்கள். கட்டுப்பாடு வேண்டும்! கண்காணிப்பும் வேண்டும்! ஆனால் ஒரு படகு மறைந்தால், அபராதச் சீட்டு வருமுன் மீட்புப் படகு வரட்டும்! முதலில் தேடுங்கள், பிறகு திட்டுங்கள்! என்ன சொல்கிறீர்கள்? "அதையும் விதியில சேக்கச் சொல்றேம்மா" என்கிறார்! கேட்டீர்களா? கூட்டமே சாட்சி!

நாளை கடலுக்குப் போகும் என் வீட்டுக்காரர் அங்கே தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார். ஏங்க, நிமிந்து பாருங்க! இந்த அண்டா இனி என் அடுப்படியை விட்டு நகராது. மீன் இருக்கும் இடம் மச்சானுக்குத் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும். நீங்கள் இருக்கும் இடம் எங்களுக்குத் தெரிய வேண்டும்!

பொறுமையோடு கேட்ட செவிகளுக்கெல்லாம் நன்றி. போய் வாருங்கள், போனவர் அத்தனை பேரும் வாருங்கள். வணக்கம்!